பேய் எந்தப் பக்கத்தில் வருகிறது?

புத்தகம் வெளிவந்த வாரத்தில் மைத்ரேயிக்கு வந்த முதல் வாசகர் அழைப்பு துறையூரிலிருந்து. பேசியவரின் குரலில் மரியாதையும் இருந்தது, அவசரமும் இருந்தது.

"மேடம், நீங்க மொழிபெயர்த்த ஜப்பான் பேய்க்கதை புஸ்தகம் வாங்கியிருக்கேன். பாதி முடிச்சிட்டேன். பேய் எந்தப் பக்கத்துல வருதுன்னு சொன்னீங்கன்னா நேரா அங்க போயிடுவேன்."

மைத்ரேயி ஒரு நிமிஷம் திகைத்துவிட்டு, "அப்படித் தனியா ஒரு இடத்துல வராதுங்க. கதை முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமா இருக்கும்" என்றாள்.

"கொஞ்சம் கொஞ்சமான்னா? கை மட்டும் வருமா?"

"இல்லைங்க. கையும் வராது."

எதிர்முனையில் ஒரு பெருமூச்சு. "சரிங்க மேடம், பரவாயில்லை" என்று அவர் வைத்துவிட்டார். சாவு வீட்டில் துக்கம் கேட்டுவிட்டுக் கிளம்புகிறவரின் தொனி அது.

மைத்ரேயி ஜப்பானிய மொழி கற்றது இலக்கியத்துக்காக அல்ல. கல்லூரி முடித்ததும் சென்னைக்கு வெளியே கார் உதிரிபாகங்கள் செய்யும் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் வேலை கிடைத்தது; அங்கே அந்த மொழி தெரிந்தவர்களுக்குச் சம்பளம் கூட. கேஷவைக் கல்யாணம் செய்துகொண்டு திருச்சி கே.கே. நகருக்கு வந்த பிறகு, வீட்டிலிருந்தே இயந்திரக் கையேடுகளை மொழிபெயர்த்தாள். 'இயந்திரம் ஓடும்போது மூடியைத் திறக்காதீர்கள்.' 'உருளைகளுக்கு இடையே விரலை விடாதீர்கள்.' வருஷக்கணக்கில் முகம் தெரியாத தொழிலாளர்களை இப்படி எச்சரித்து எச்சரித்து அலுத்துப்போயிருந்த நேரத்தில், பழைய மேலதிகாரி ஒருவர் ஒரு சிறுகதைத் தொகுப்பை அனுப்பிவைத்தார். எழுதியவர் ஒசாகா பக்கம் ஒரு தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெண்மணி.

அந்தக் கதைகளில் யாரும் அலறவில்லை. ஒரு கதையில், அடுக்குமாடிக் கட்டடத்தின் லிஃப்ட் யாரும் பொத்தானை அழுத்தாத மாடியில் நிற்கிறது. கதவு திறக்கிறது. வெளியே யாரும் இல்லை. ஆனால் உள்ளே இருப்பவர்கள் எல்லோரும் சற்று நகர்ந்து இடம் விடுகிறார்கள். கதவு மூடுகிறது. அவ்வளவுதான் கதை. இன்னொன்றில், தாய் ஒருத்தி தினமும் பிள்ளைகளைப் பெயர் சொல்லிச் சாப்பிடக் கூப்பிடுகிறாள். அந்தப் பெயர்களில் ஒன்று அவளுடைய பிள்ளைகள் யாருடையதும் இல்லை. ஆனாலும் 'இதோ வரேம்மா' என்று பதில் வருகிறது.

தொகுப்பின் தலைப்புக் கதை 'விருந்தாளியின் செருப்பு'. வெளியூர் வேலையாகப் போய்த் திரும்பும் கணவன், வாசலில் செருப்பைத் தெருவைப் பார்த்துத் திருப்பி வைக்கிறான். அந்த ஊரில் விருந்தாளிகள்தான் அப்படி வைப்பார்கள். அவள் கணவன் செருப்பைக் கண்ட இடத்தில் உதறுகிற ஆள். மனைவி அதைப் பார்க்கிறாள், ஒன்றும் கேட்கவில்லை. அவன் சாப்பிடுகிறான், எழுந்து தன் தட்டைத் தானே கழுவி வைக்கிறான். அதையும் பார்க்கிறாள். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் வாசலுக்கு வந்து செருப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்கிறாள். வருஷங்கள் போகின்றன. கடைசியில் ஒருநாள் காலையில் அவன் கிளம்பும்போது, விருந்தாளிகளிடம் சொல்வதுபோல, 'மறுபடியும் அவசியம் வாருங்கள்' என்கிறாள்.

இதைப் படித்து முடித்த பிற்பகலில் மைத்ரேயி எழுந்துபோய் வாசல் செருப்புகளைப் பார்த்துவிட்டு வந்தாள். பிறகுதான் மொழிபெயர்ப்பது என்று முடிவு செய்தாள்.

பதிப்பாளர் பிரிட்டோ அரியமங்கலத்தில் அச்சகம் வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, மாத காலண்டர், இடையில் மனசுக்குப் பிடித்தால் இலக்கியம். 'ஜப்பான்', 'பேய்' என்ற இரண்டு வார்த்தைகளைக் கேட்டதுமே ஒப்புக்கொண்டார். பிறகு அட்டைப்படம் அனுப்பினார். கிணறு, வெள்ளைப் புடவை, முகத்தை மூடிய கூந்தல், கிணற்றுக்குப் பக்கத்தில் ஒரு பூனை.

"சார், இந்தப் புஸ்தகத்துல கிணறே கிடையாது" என்றாள் மைத்ரேயி.

"அதனால என்ன மேடம், அட்டையில இருக்கட்டும். உள்ளே இல்லாதது வெளியில இருந்தாத்தானே உள்ளே போவாங்க."

நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு கிணறும் கூந்தலும் போய், ஒரு ஜோடிச் செருப்பு வந்தது. பூனையை மட்டும் விட்டுக்கொடுக்க பிரிட்டோ மறுத்துவிட்டார். செருப்புக்குப் பக்கத்தில் பூனை உட்கார்ந்தது.

அதன்பின் எதிர்வினைகள் வரத் தொடங்கின. இணையக் கடையில் ஒருவர், 'பார்சல் நன்றாகக் கட்டப்பட்டிருந்தது. பேய் இல்லாததால் இரண்டு நட்சத்திரம் குறைக்கிறேன்' என்று எழுதினார். இன்னொருவர், 'இதைவிட எங்கள் மின் கட்டண ரசீது பயங்கரம்' என்றார். அதை நாற்பது பேர் ஆமோதித்திருந்தார்கள். கலைமதி என்ற தமிழாசிரியை, புத்தகத்தைப் படித்து ஒரே ஒரு இடத்தில் நெஞ்சம் பதறியதாகவும், அது லிஃப்ட் கதையில் ஒற்று மிகக்கூடாத இடத்தில் மிகுந்திருந்ததுதான் என்றும் தெரிவித்தார். மணப்பாறை வாசகர் ஒருவர் லிஃப்ட் கதைக்குத் தாமே ஒரு முடிவு எழுதி அனுப்பியிருந்தார். அதில் லிஃப்டில் ஏறியது அதே கட்டடத்தில் கொலையுண்ட ஒரு நடனக்காரியின் ஆவி. அது காண்டிராக்டரைப் பழிவாங்கிவிட்டு, கடைசியில் எல்லோருக்கும் ஆசி வழங்கியது.

வீட்டில் கேஷவ், "எழுத்துரு நன்னா இருக்கு மைத்ரேயி, கண்ணை உறுத்தலை" என்றான். அதற்குமேல் அவனிடம் அவள் கேட்கவில்லை.

இந்த நிலையில்தான் ஸ்ரீரங்கத்தில் ஒரு வாசகர் வட்டம் புத்தகத்தைப் பற்றிக் கூட்டம் போடுவதாக அழைத்தது. வட்டத்தின் தலைவர் வேதாந்தம். கைலாசபுரம் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஆயுளைக் கழித்து, ஓய்வுபெற்றதும் டவுன்ஷிப் வீட்டைக் காலி செய்துவிட்டு அம்மா மண்டபம் சாலையில் ஒரு ஃபிளாட்டுக்கு வந்தவர். இரும்பில் விரிசல் தேடிய கண் புத்தகங்களுக்கு மாறியிருந்தது. அவர் கைக்குப் போன எந்தப் புத்தகமும் 'பாஸ்' ஆனதாகச் சரித்திரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, ஒரு டியூஷன் சென்டரின் மாடியில் கூட்டம். வந்தவர்களில் பெரும்பாலோர் அறுபதைத் தாண்டியவர்கள். பின்வரிசையில், சுண்டல் தூக்கையும் காபி ஃபிளாஸ்க்கையும் காவல் காத்தபடி வேதாந்தத்தின் மனைவி கோதைநாயகி உட்கார்ந்திருந்தாள்.

முதலில் பேசியவர் சரவணன். லால்குடிக்காரர், விமர்சகர், யூடியூபில் புத்தகங்களை அலசுகிறவர். "இந்தப் பிரதி அச்சத்தை அறிவிப்பதில்லை, அச்சத்துக்கு ஒரு நாற்காலி போட்டுவிட்டுக் காத்திருக்கிறது" என்று ஆரம்பித்தார். கூட்டம் தலையாட்டியது. மைத்ரேயிக்கு அந்த வாக்கியம் எங்கேயோ கேட்டதுபோல இருந்தது. அடுத்த வாக்கியமும் அப்படியே. நான்காவது வாக்கியத்தில் விளங்கிவிட்டது: புத்தகத்துக்கு அவள் எழுதிய முன்னுரை. வரிசைகூட மாறாமல் வந்துகொண்டிருந்தது. முன்னுரை எங்கே முடிந்ததோ அங்கேயே சரவணனின் பேச்சும் முடிந்தது. "மொழிபெயர்ப்பாளர் இதையெல்லாம் உணர்ந்துதான் செய்தாரா என்பது வேறு கேள்வி" என்பதை மட்டும் சொந்தமாகச் சேர்த்துக்கொண்டு அவர் அமர்ந்தார்.

பிறகு வேதாந்தம் எழுந்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டார்.

"ஒரு பொருளுக்கு ஸ்பெசிஃபிகேஷன்னு ஒண்ணு உண்டு. அட்டையில திகில் கதைகள்னு போட்டிருக்கு. அப்போ திகில் டெலிவரி ஆகணும். ஆகலை. நான் ஒவ்வொரு கதையா டெஸ்ட் பண்ணினேன். நாடித்துடிப்பு நார்மல். ரத்த அழுத்தம் நார்மல். நடுவுல ஒரு கதையில தூங்கியே போயிட்டேன்."

சிரிப்பு எழுந்தது. உற்சாகம் பெற்று, லிஃப்ட் கதையில் சென்சார் கோளாறு இருக்கலாம் என்பதைக் கதாசிரியை பரிசீலிக்கவே இல்லை என்றார். பிள்ளைகளைக் கூப்பிடும் தாய்க்கு ஞாபக மறதி, கூப்பிட்டதும் பதில் சொன்னது பக்கத்து வீட்டுப் பையன் என்று தீர்ப்பளித்தார். "செருப்புக் கதையை எடுத்துக்கோங்கோ. ஒருத்தன் செருப்பைத் திருப்பி வெச்சான். தட்டை அலம்பினான். இதுல எங்க சார் திகில்?"

மைத்ரேயி பேச்சைத் திருப்புவதற்காகப் பின்வரிசையைப் பார்த்து, "மாமி, நீங்க படிச்சேளா?" என்று கேட்டாள்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்த வட்டத்தின் வரலாற்றில் கோதைநாயகியிடம் சுண்டலைத் தவிர வேறெதையும் யாரும் கேட்டதில்லை.

"படிச்சேன்" என்றாள் அவள், நிதானமாக. "அந்தச் செருப்புக் கதை எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அந்த ரெண்டாவது மனுஷன் எவ்வளவு நல்லவன், பாவம்."

"அவன் மனுஷனே இல்லைடி. வேற எதுவோ ஒண்ணு புருஷன் ரூபத்துல வந்திருக்கு, அதுதான் கதையே!" என்றார் வேதாந்தம். சென்சார் கோளாறு அப்போது அவர் நினைவுக்கு வரவில்லை.

"இருந்துட்டுப் போகட்டுமே. தட்டை அலம்பறதே."

சிரிப்பில் மாடி அதிர்ந்தது. சரவணன்கூடக் கைதட்டினார். வேதாந்தம் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடியும் அதையே போட்டுக்கொண்டார். நன்றியுரைகூடச் சொல்லாமல் கூட்டத்தை முடித்தார்.

மூன்று வாரம் கழித்துக் கோதைநாயகியிடமிருந்து அழைப்பு வந்தது. குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"மைத்ரேயி, கொஞ்சம் எங்காத்துக்கு வரமுடியுமாம்மா? போன்ல சொல்ல முடியாது. அந்தப் புஸ்தகத்தைப் பத்தித்தான்."

மறுநாள் பிற்பகல் மைத்ரேயி பஸ் ஏறிக் காவிரிப் பாலம் தாண்டிப் போனாள். கதவைத் திறந்த கோதைநாயகி அவளை ஹாலில் உட்காரவைக்கவில்லை. நேராகச் சமையலறைக்கு இழுத்துக்கொண்டு போய், குழாயைத் திறந்துவிட்டாள். தண்ணீர்ச் சத்தத்தில் பேச்சு வெளியே கேட்காது என்ற ஏற்பாடு. வேதாந்தம் வீட்டிலேயே இல்லை.

"அவர் தட்டு அலம்பறார்" என்றாள்.

மைத்ரேயிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் மாமியின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். அந்த முகத்தில் விளையாட்டே இல்லை.

"அன்னைக்குக் கூட்டம் முடிஞ்சு வந்தோம். ராத்திரி ஒண்ணும் பேசலை. மறுநாள் தளிகை ஆச்சு, சாப்பிட்டார். நான் தட்டை எடுக்கப் போறேன், அதுக்குள்ள தானே எடுத்துண்டு போய் அலம்பி வெச்சுட்டார். கல்யாணமான நாள்லேருந்து சாப்பிட்ட இடத்துல தட்டை விட்டுட்டு எழுந்துக்கற மனுஷன்! சரி, ஏதோ கோவம்னு நெனச்சேன். அதுக்கப்புறம் தினமும் அலம்பறார். துணி மடிக்கறார். 'நீ சாப்ட்டியா'ன்னு கேட்கறார். போன ஏகாதசிக்கு மறுநாள், சாத்தமுது நன்னா இருக்குன்னார்." குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். "இத்தனை வருஷத்துல சாத்தமுது நன்னா இருந்தா பேசாம சாப்பிடுவார். அதுதான் சர்டிபிகேட். வாயைத் திறந்து சொன்னதே இல்லை. நன்னா இருக்குன்னதும் கரண்டியை அப்படியே கீழ போட்டுட்டேம்மா."

"மாமி, மாமா மாறியிருக்கலாமோல்லியோ?"

"அதைத்தானே நானும் சொல்றேன்!"

கோதைநாயகி சும்மா இருக்கவில்லை. சோதனைகள் செய்திருக்கிறாள். அவர் வேலையில் சேர்ந்தபோது இருந்த முதல் அதிகாரியின் பெயரைப் போகிற போக்கில் கேட்டாள். சரியாகச் சொன்னார், கூடவே அந்த அதிகாரியைத் திட்டவும் செய்தார். அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. பிறகு, பெருமாளுக்கு முன்னால் போய் நின்றால் எதுவாக இருந்தாலும் தாக்குப்பிடிக்காது என்று கோவிலுக்கு அழைத்துக்கொண்டு போனாள். "உள்ளே நன்னா சேவிச்சார். ஆனா சன்னிதியில, 'நீ முன்னாடி வா கோதை, உனக்கு மறைக்கறது'ன்னு தள்ளி நின்னார் பாரு... எனக்குப் பெருமாளே தெரியலை."

"நேரா கேட்டுடுங்களேன், ஏன் இப்படின்னு."

"கேட்டு, 'ஆமாம், நான் அவர் இல்லை'ன்னு சொல்லிட்டார்னா?"

இயந்திரத்தின் மூடியைத் திறக்காதே என்று எழுதித்தான் மைத்ரேயிக்குப் பழக்கம். திறந்துவிட்டவர்களுக்கு என்ன சொல்வது என்று எந்தக் கையேட்டிலும் இருந்ததில்லை.

அழைப்பு மணி அடித்தது. கோதைநாயகி குழாயை மூடிவிட்டு, மைத்ரேயியோடு ஹாலுக்கு வந்து கதவைத் திறந்தாள். வேதாந்தம் மஞ்சள் பையோடு உள்ளே வந்தார். மைத்ரேயியைப் பார்த்ததும் முகம் ஒரு கணம் இறுகி, பிறகு சமாளித்துக்கொண்டது.

"வாம்மா. எப்போ வந்தே? கோதை, நீ உட்கார்ந்து பேசிண்டிரு. நான் காபி கலந்துண்டு வரேன்."

கோதைநாயகி மைத்ரேயியின் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிகிற பிடி.

சமையலறையில் பாத்திரங்கள் உருண்டன. எதுவோ கீழே விழுந்தது. வெகுநேரத்துக்குப் பிறகு மூன்று டம்ளர்கள் வந்தன. மைத்ரேயி ஒரு வாய் குடித்தாள். பால் கருகிய வாடையும், பல்லில் கரகரக்கும் காபிப்பொடியும், எங்கிருந்தோ ஒரு சீரக மணமும் சேர்ந்து வந்தன. விழுங்குவதா வேண்டாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது வேதாந்தமும் தன் டம்ளரை உதட்டில் வைத்தார். முகம் கோணியது.

"என்ன பொடி இது? அரைச்சவன் கையை உடைக்கணும். ஃபில்டர்ல ஓட்டை எல்லாம் ஒரே அளவா இல்லை, அதான் தூள் இறங்கறது. பாலும் சரியில்லை. அந்தப் பால்காரனைப் பிடிச்சு வெச்சதே நீதான். நான் அன்னைக்கே சொன்னேன்."

அவர் பேசப் பேச, மைத்ரேயியின் மணிக்கட்டில் இருந்த பிடி தளர்ந்தது. கோதைநாயகி கண்ணை மூடிக்கொண்டு, பிரபந்தம் கேட்பதுபோல அந்த வசவுகளைக் கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் மெதுவாக ரத்தம் திரும்பியது.

வேதாந்தம் திட்டி முடித்தார். பிறகு காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு அலம்பப் போனார். பிடி மறுபடியும் இறுகியது.

கிளம்பும்போது, "பஸ் ஸ்டாப் வரைக்கும் கொண்டு விட்டுட்டு வரேன்" என்று வேதாந்தமும் கூடவே இறங்கினார். சாலையில் அஸ்தி கரைக்க வந்தவர்களின் வேன்கள் வரிசையாக நின்றன. அவற்றினூடே கொஞ்ச தூரம் நடந்தார்.

"அந்தப் புஸ்தகம் என்னை ஒண்ணும் பண்ணலை. அதைத் தெளிவாச் சொல்லிடறேன்."

"சரி மாமா."

"ஒரு சந்தேகம் மட்டும் இருக்கு. டெக்னிக்கலான சந்தேகம்தான். அந்தக் கதையில ரெண்டாவதா ஒருத்தன் வரான். சரி. மொதல்ல இருந்தவன் எங்க போனான்?"

"கதையில சொல்லலை மாமா."

"சொல்ல வேண்டாம். ஆனா அந்தப் பொம்மனாட்டி அவனைத் தேடவே இல்லையே! போலீஸ்ல சொல்லலை. அழலை. அவன் என்ன ஆனான்னு ஒரு வரி, ஒரே ஒரு வரிகூட இல்லை. நான் முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துட்டேன். பக்கம் ஏதாவது விட்டுப்போச்சா? அச்சுல தவறிடுத்தா?"

"மூலத்துலயும் அப்படித்தான் மாமா இருக்கு."

வேதாந்தம் நின்றுவிட்டார். பளபளவென்று சவரம் செய்த முகம் திடீரென்று வயசானதாகத் தெரிந்தது.

"அன்னைக்குக் கூட்டத்துல அவ சொன்னதுக்கு எல்லாரும் சிரிச்சேள். அவ சிரிக்கலை, கவனிச்சியோ? வேற ஒருத்தன் வந்து தட்டை அலம்பினா போதும்னு சொல்லிட்டா. அப்போ நான் ஒருநாள் இல்லாமப் போனா, இடத்தைத் துடைச்சுட்டு அடுத்த ஆளுக்கு இலை போட்டுடுவாளா? இதை அவகிட்ட எப்படிக் கேட்கறது? நீயே சொல்லு. கேட்கத் தெரியலை. அதான் அலம்பறேன்." பஸ் வருவதைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்தார். "நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிடாதே. பயந்துட்டான்னு நெனச்சுப்பா."

வீடு திரும்பிய பிறகும் மைத்ரேயிக்கு மனசு அடங்கவில்லை. மாமா கேட்டுக்கொண்டதை மீறாமல் மாமியின் பயத்தைப் போக்க வேண்டும். சாயங்காலம் கோதைநாயகியை அழைத்தாள்.

"மாமி, மாமா மாமாதான். நன்னா பேசிப் பார்த்துட்டேன். பயப்படாதீங்கோ."

"தெரியும்" என்றாள் கோதைநாயகி. குரல் இப்போது பழைய குரலாக இருந்தது. "காபியிலயே பாதி தெரிஞ்சுடுத்து. மீதி, நீ போனப்புறம் டம்ளரை எடுத்துப் பார்த்தேன். அடியில பிசுக்கு அப்படியே ஒட்டிண்டிருக்கு. வேற ஏதாவதா இருந்தா சுத்தமா அலம்பியிருக்கும். கதையில வர்றது அப்படித்தானே அலம்பறது?"

"அப்போ ஏன்னு கேட்டுடுங்களேன்."

"ஐயையோ, கேட்டா வெட்கப்பட்டுண்டு நிறுத்திடுவார். அவர் அலம்பட்டும். அவர் வெளியில போனதும் நான் இன்னொரு தடவை தேய்ச்சு வெச்சுக்கறேன்."

மைத்ரேயி சிரித்தாள். போனை வைக்கப் போனவள், தயங்கி, தன் சந்தேகம்போலக் கேட்டாள். "மாமி, அந்தக் கதையில அவ முதல் புருஷனைத் தேடவே இல்லையே, ஏன்?"

"யார் சொன்னா தேடலைன்னு?" கோதைநாயகிக்குக் கோபமே வந்துவிட்டது. "தினம் சாயங்காலம் வாசலுக்குப் போய்ச் செருப்பைப் பார்க்கறாளே, அது எதுக்காம்? என்னிக்காவது ஒருநாள் கோணாமாணான்னு கிடக்காதான்னுதானே? நீதானேம்மா மொழிபெயர்த்தே?"

அந்த வரியை மைத்ரேயி பலமுறை திருத்தியிருக்கிறாள். 'பார்க்கிறாள்' என்பதா, 'பார்த்துவிட்டு வருகிறாள்' என்பதா என்று ஒரு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறாள். முன்னுரையில் அதை 'அன்றாடத்தின் அச்சுறுத்தல்' என்று எழுதியிருந்தாள். சரவணனும் அதைக் கூட்டத்தில் அழகாகச் சொன்னார்.

அடுத்த மாதக் கூட்டத்தில் வேறு ஒரு புத்தகம். மைத்ரேயி முன்னதாகவே போய், நாற்காலிகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்த வேதாந்தத்திடம் செருப்புக் கதையின் பக்கத்தைத் திறந்து நீட்டினாள். "மாமா, நீங்க கேட்ட வரி இருக்கு. நானும் கவனிக்கலை. தினமும் சாயங்காலம் அவ எதைத் தேடிண்டு வாசலுக்கு வரான்னு பாருங்கோ."

வேதாந்தம் கண்ணாடியை மாற்றிக்கொண்டு படித்தார். இன்னொரு முறை படித்தார். புத்தகத்தை மூடிக் கொடுத்துவிட்டு மாடிப்படி வரை போனார். அங்கே சுண்டல் தூக்கோடு மூச்சு வாங்க ஏறி வந்துகொண்டிருந்த கோதைநாயகியின் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்.

"குடு. பெரிய மல்யுத்த வீராங்கனை."

கூட்டத்தில், போன மாதப் புத்தகம் பற்றி ஏதாவது சொல்ல வேண்டுமா என்று சரவணன் கேட்டபோது, "என் அறிக்கையில மாற்றம் இல்லை. திகில் பூஜ்யம்" என்றார் வேதாந்தம்.

இதெல்லாம் இப்படியிருக்க, பிரிட்டோவிடமிருந்து அழைப்பு வந்தது. ரொம்பக் குழம்பியிருந்தார்.

"மேடம், ஸ்ரீரங்கத்துல என்ன நடக்குது? நம்ம புஸ்தகம் அங்க மட்டும் பிய்ச்சுக்கிட்டுப் போகுது. வாங்கறது எல்லாம் லேடீஸ். அம்மா மண்டபம் ரோட்டுல ஒரே அபார்ட்மெண்ட்லேர்ந்து பெட்டி பெட்டியா கேட்கறாங்க. உங்க கையெழுத்து வேணுமாம், அதுவும் அவங்க பேருக்கு இல்லை, வீட்டுக்காரர் பேருக்கு! ஒரு அம்மா கேட்கறாங்க, மத்த கதையெல்லாம் வேண்டாம், செருப்புக் கதையை மட்டும் தனியா, பெரிய எழுத்துல போட்டுத் தர முடியுமான்னு."

"அது எதுக்குன்னு நீங்க கேட்டீங்களா சார்?"

"கேட்டேன். 'எங்காத்து மாமாவுக்குக் கண் சரியாத் தெரியாது'ங்கறாங்க. ஒண்ணும் புரியலை. ரெண்டாம் பதிப்புல பூனையை எடுத்துட்டு ஒரு தட்டு வெச்சிடலாமா?"

இந்தமுறை மைத்ரேயி வாக்குவாதம் செய்யவில்லை.

இரண்டாம் பதிப்புக்கு ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஆண் வாசகர்களின் எதிர்வினைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. பேய் இல்லை. பயம் இல்லை. ஆனாலும் கதையை எழுதிய அம்மாளுக்குக் கணவர் இருக்கிறாரா, அவர் வீட்டு வேலைகளில் ஒத்தாசை செய்வாரா என்று சிலர் விசாரித்திருந்தார்கள்.

ஒருநாள் காலை, மைத்ரேயி அடுத்த தொகுப்பைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தபோது கோதைநாயகி அழைத்தாள்.

"ஒரு ஒத்தாசை பண்ணணும்மா. அந்த அம்மா இன்னும் நிறைய எழுதியிருக்காளோ?"

"எழுதியிருக்கா மாமி. என்ன மாதிரி கதை வேணும்?"

"எங்க பிள்ளை மதுசூதன் பெங்களூர்ல இருக்கானோல்லியோ, அவனுக்குத்தான். போன் பண்ணவே நேரம் இல்லைங்கறான். தினமும் அம்மாவுக்குப் போன் பண்ணி அரைமணி நேரம் பேசற பிள்ளை ஒருத்தன்... அவன் நிஜப் பிள்ளைதானான்னே தெரியாத மாதிரி ஏதாவது கதை இருக்கான்னு பாரேன். இல்லைன்னா அந்த அம்மாவுக்கு ஒரு கடுதாசு போட்டு எழுதச் சொல்லு. ரொம்ப நீளமா வேண்டாம். அவன் நீளமா இருந்தா படிக்க மாட்டான்."